கவசமும் கட்டைவிரலும்

சிலம்பக்காரர்கள் மத்தியில் பழகிப்போன ஒரு பேச்சு உண்டு. வாத்தியார் எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துட மாட்டார். ஒரு அடியைத் தனக்குன்னு வெச்சிக்குவார். ஏன் என்று கேட்டால் பதில் சுலபம்: நாளைக்கு இவனே கம்பைத் தூக்கிக்கிட்டு எதிரே வந்து நின்னா? குரு-சிஷ்ய உறவின் புனிதம் பற்றி நமக்குச் சொல்லப்பட்டிருக்கும் அவ்வளவுக்கும் அடியில் இந்தப் பயம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயுதம் கற்றுக்கொடுப்பவன் தன்னை வெல்லக்கூடிய ஒருவனைத் தயார் செய்கிறான். அப்படியானால் யார் குருவை எதிர்த்து நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது எது? மகாபாரதத்தை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம்.

அதற்குத் தோதான இடம் நம் பக்கம்தான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டில் இறங்கினால், ஒரு பக்கம் மயிலம், இன்னொரு பக்கம் செஞ்சி. பாரதம் கேட்டு வளர்ந்த பூமி இது. வில்லிபுத்தூராரின் ஊரான சனியூர் இருந்த திருமுனைப்பாடி நாடும் இந்த வட்டாரம்தான். திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988லும் 1991லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதிய ஆல்ஃப் ஹில்டபைடல், அந்த வழிபாட்டின் மையமாகச் செஞ்சி வட்டாரத்தையே கண்டார். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். கூத்தில் ராஜ வேஷக்காரர்கள் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் என்று கட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த அந்த மரக்கட்டைகள் நகையும்தான், கவசமும்தான். யார் உடம்பில் கவசம் ஏறுகிறது என்பது பாரதத்தில் சாதாரண விஷயமில்லை.

துரோணரிடம் வில் கற்ற மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவன் அர்ச்சுனன். வியாச பாரதத்தின் ஆதிபர்வத்தில் துரோணர் அவனிடம் ஒரு விசித்திரமான குருதட்சிணை கேட்கிறார்: நான் போரில் உன்னை எதிர்த்து வந்தால் நீயும் என்னை எதிர்த்துச் சண்டை போடவேண்டும். அவனும் ஒப்புக்கொள்கிறான். அதாவது, குருவோடு மோதும் உரிமையே இங்கு காணிக்கையாக மாறுகிறது. பின்னால் விராட நாட்டு மாடுபிடிச் சண்டையில் குருவின் காலடியில் அம்பு விட்டு வணக்கம் சொல்லிவிட்டு அவன் தாராளமாகச் சண்டை போடுகிறான். அவன் மேல் ஒரு பாவமும் ஒட்டவில்லை.

இரண்டாமவன் திட்டத்துய்மன், திரௌபதியின் அண்ணன். துருபதனின் ராஜ்ஜியத்தில் பாதியைத் துரோணர் சிஷ்யர்களை வைத்துப் பிடுங்கிக்கொண்டதற்குப் பழிவாங்கத்தான் வேள்வி நடக்கிறது. கிரீடத்தோடும் கவசத்தோடும் கையில் ஆயுதத்தோடும் தீயிலிருந்து இவன் வெளியே வருகிறான். துரோணரைக் கொல்லவே பிறந்தவன் என்று அப்போதே அசரீரி சொல்கிறது. துரோணருக்கும் இது தெரியும். இருந்தும் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆயுத வித்தை கற்றுத் தருகிறார். விதியைத் தடுக்க முடியாது, தன் பெயரும் கெடக்கூடாது என்று பிரதி இதற்குக் காரணம் சொல்கிறது.

மூன்றாமவன் ஏகலைவன். வேடர்கோன் மகன். வேடன் என்பதாலேயே துரோணர் சேர்த்துக்கொள்ளவில்லை. மண் உருவத்தின் முன்னால் தானாகக் கற்றவன். துரோணரைக் கொல்வான் என்று இவனைப் பற்றி எந்த அசரீரியும் சொல்லவில்லை. அவர்மேல் இவனுக்குப் பகையும் கிடையாது. இவனிடம்தான் கட்டைவிரல் கேட்கப்படுகிறது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு புரிகிறது. கொல்லப் பிறந்த ராஜகுமாரனுக்கு வித்தை. எதிர்த்து நிற்கக்கூடிய ராஜகுமாரனுக்கு அனுமதி. கும்பிட்ட வேடனுக்குக் கத்தி. குருதட்சிணை என்பது நன்றிக்கடன் மட்டுமல்ல. நடக்கக்கூடிய ஒரு சண்டையை நடக்கவிடாமல் முன்கூட்டியே செய்யும் ஏற்பாடாகவும் அது இருந்திருக்கிறது. ஏகலைவனுக்கும் துரோணருக்கும் இடையில் நடக்காத அந்தத் துவந்த யுத்தம்தான் ஆதிபர்வத்தின் மௌனம்.

இதை நாம் கற்பனை செய்யவில்லை. துரோணபர்வத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனிடம் வாய்விட்டே சொல்லிவிடுகிறான்: விரலோடு இருந்திருந்தால் ஏகலைவனைத் தேவர்களாலும் ஜெயித்திருக்க முடியாது, உன் நன்மைக்காகத்தான் துரோணர் அவன் விரலை வாங்கினார், உனக்காகத்தான் நான் அவனைக் கொன்றேன். விரல் போன பிறகும் மற்ற விரல்களால் அவன் அம்பு விட்டுக்கொண்டுதான் இருந்தான், முன்னைப்போல வேகம் இல்லை, அவ்வளவே என்று ஆதிபர்வமே சொல்கிறது. 1990களில் தலித் அரசியல் ஏகலைவனைக் கையிலெடுத்தபோது வெட்டப்பட்ட விரல் முன்னுக்கு வந்தது, வரவேண்டியதுதான். ஆனால் விரலோடு நின்றுவிட்டால் அவன் வெறும் பலிகடா ஆகிவிடுகிறான். விரல் போன பிறகும் ஆளும் தரப்பு அவனைக் கண்டு பயந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

கவசத்தோடு பிறந்தவனின் கதையும் நேரான சண்டையில் முடியவில்லை. பதினைந்தாம் நாள், மகன் செத்துவிட்டான் என்ற பொய்யை நம்பி வில்லைக் கீழே வைத்து யோகத்தில் உட்கார்ந்த துரோணரின் தலையைத் திட்டத்துய்மன் வெட்டுகிறான். கொல்லாதே, உயிரோடு கொண்டுவா என்று அர்ச்சுனன் கத்துகிறான். சில நாள் கழித்து, பாசறையில் தூங்கிக்கொண்டிருந்த திட்டத்துய்மனை அசுவத்தாமன் காலால் மிதித்தே கொல்கிறான். ஆயுதத்தாலாவது கொல் என்று கெஞ்சுபவனுக்கு, குருவைக் கொன்றவனுக்கு அந்தச் சாவு கிடையாது என்பதே பதில். ராஜகுலத்துக்கும் ஒரு எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த எல்லை காரியம் முடிந்த பிறகுதான் வருகிறது. வேடனுக்கோ தொடங்குமுன்பே.

தமிழில் இதே பிரச்சினையைப் பரஞ்சோதியாரின் திருவிளையாடற் புராணம் வேறு தளத்தில் பேசுகிறது. மதுரையில் ஒரு கிழ வாளாசிரியர். அவரிடம் கற்ற சித்தன் தனியாகப் பள்ளி வைத்து அவர் பிழைப்பில் கைவைக்கிறான். பிறகு அவர் மனைவியிடமும் முறைதவறி நடக்கப் பார்க்கிறான். சொக்கநாதரே கிழவர் வேஷத்தில் வந்து அவனோடு வாள்சண்டை போட்டு அங்கம் அங்கமாக வெட்டுகிறார். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை இன்றும் நடத்தப்படுகிறது. சித்தன் தண்டிக்கப்படவேண்டியவன்தான். ஆனால் சிஷ்யன் போட்டிக்கு வந்தான் என்ற தொழில் தகராறையும், பெண்ணிடம் அத்துமீறினான் என்ற குற்றத்தையும் கதை ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறது. அதற்கப்புறம் முதலாவதைத் தனியாகக் கேள்வி கேட்க முடிவதில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியவில்லை. விழுப்புரம் பக்கத்தில் மேல்பாதி. அங்கிருப்பது தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மார்ச்சில் பூஜைக்கு மட்டும் கதவு திறந்தது. தலித்துகள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று. கும்பிட வந்தவனைக் கண்டு இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்பவர்கள் ஏகலைவன் கதையை முதலிலிருந்து படிக்கட்டும். விரல் பிறகுதான் போனது. முதலில் அவன் திருப்பி அனுப்பப்பட்டது வாசலில்.