பால்கனியில் அடுப்பும் புகைக்கூண்டும்: நம் ஊர் வீடுகள் சுமை தாங்கிய கதை



சென்ற மாதம் நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. மூன்றாம் மாடியில் இருப்பவர் தன் பால்கனியில் செங்கல் அடுப்பு ஒன்றும், புகை மேலே போக ஆறடிப் புகைக்கூண்டு ஒன்றும் கட்ட அனுமதி கேட்டிருந்தார். வந்து பார்த்த மேஸ்திரி, "நூறு பேர் நின்னாலும் தாங்குமுங்க" என்று சொல்லிவிட்டாராம். பொறியாளரைக் கேட்காமல் அனுமதிக்க முடியாது என்று செயற்குழு சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அந்த வருத்தம் நியாயமா என்பதை நீங்களே முடிவு செய்ய, பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். அதன்பின் நீலகிரியில் எழுந்த பங்களாக்களில் குளிர்காயும் அடுப்பும் புகைக்கூண்டும் சாதாரணமாகிவிட்டன. அடுத்த முறை ஊட்டி, குன்னூர் போகும்போது அந்தக் கூண்டுகளைக் கவனியுங்கள். அவை கனத்த சுவரோடு சுவராக அஸ்திவாரத்திலிருந்தே எழும். மாடியில் அடுப்பு வேண்டுமென்றால் கீழ் அடுப்புக்கு நேர் மேலே, அதே சுவரில் வைப்பார்கள். செங்கல்லின் எடை முழுவதும் சுவர் வழியாக நேரே மண்ணுக்கு இறங்கிவிடும். தளத்தின் மேல் அது ஏறுவதில்லை.

சமவெளியில் நம் பெரியவர்களும் இதையே செய்தார்கள். அடுப்பு, ஆட்டுக்கல், அம்மி எல்லாம் தரையில். அடுப்புக்கு மேலே அட்டாலியில் விறகும் தேங்காயும் மட்டும். மச்சு வீடுகளில் மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அந்தத் தளத்தின் சொந்த எடையே அதிகம் என்பதால், உத்தரம் சுவரைத் தாண்டி அதிகம் வெளியே நீளாது. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பிறகு சீமை ஓடு பரவியது. அதுவும் இலேசான கூரைதான்.

நம் ஊரில் பெரிய புகைக்கூண்டு வந்தது ஆலைகளோடு. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய பிறகு, நீராவியில் ஓடிய ஆலைகளுக்கெல்லாம் கூண்டு தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் தனி அஸ்திவாரத்தில் தனியாக நின்றது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கூண்டின் தேவை குறைந்தது. அதே பத்தாண்டுகளில் மதுக்கரையில் சிமென்ட் ஆலையும் வந்தது. கான்கிரீட் கைக்கு எட்டியதும் வீட்டின் உருவமே மாறியது. சுவருக்கு வெளியே, கீழே தூண் இல்லாமல் தளத்தை நீட்ட முடிந்தது. நம் பால்கனி அப்படி வந்ததுதான்.

அது எப்படி நிற்கிறது? கையை நேராக நீட்டி ஒரு குடம் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். இழுவை முழுவதும் தோளின் மேல்புறத்தில் தெரியும். பால்கனிக்கும் அப்படித்தான். சுவரோடு சேரும் இடத்தில், சிலாபின் மேல்பக்கம்தான் அதிகம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால் பலமும் இறங்கிவிடும். மேலே விரிசல் விட்டால் மழைத் தண்ணீர் நேராக அந்தக் கம்பியைத்தான் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். கீழே நின்று பார்ப்பவருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாமல் போகலாம்.

இப்போது கணக்கு. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875 வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, பால்கனிக்குச் சுமார் 300 கிலோ கூடுதல் சுமை என்று வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. அதாவது பால்கனியில் சதுர அடிக்குச் சுமார் 28 கிலோ. விண்ணப்பத்தில் இருந்த அடுப்பு 16 கன அடிக் கட்டுமானம், கூண்டு 10 கன அடி. பூச்சோடு செங்கல் கட்டு கன அடிக்கு 54 கிலோ என்றால் மொத்தம் 1,400 கிலோ. அது உட்காரும் இடமோ 8 சதுர அடி. சதுர அடிக்கு 175 கிலோ, அதாவது ஆறு மடங்கு. நான்குக்குப் பத்தடி பால்கனி முழுவதற்கும் சேர்த்தே கணக்கு 1,120 கிலோதான். ஆள் ஒருவர் காலை வைக்கும் முன்பே அளவு தாண்டிவிடுகிறது. நின்று பேசிவிட்டுப் போகும் மனிதர்களின் சுமை வேறு, இரவும் பகலும் இறங்காத சுமை வேறு. மேஸ்திரி சொன்ன நூறு பேர் அந்தப் பால்கனியில் நிற்க இடமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று தோன்றினால் சோமனூரை நினைத்துப் பாருங்கள். 2017 செப்டம்பர் 7 அன்று அங்கே பேருந்து நிலையத்தின் கான்கிரீட் கூரை இடிந்து, பேருந்துக்காகக் காத்திருந்த இடத்திலேயே ஐந்து உயிர்கள் போயின. நம்மில் பலர் நின்று பேருந்து ஏறிய நிலையம் அது.

2015-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஓர் அடுக்ககப் பால்கனி உடைந்து ஆறு பேர் இறந்தனர். தண்ணீர் புகுந்து உள்ளே மர உத்தரங்கள் உளுத்திருந்தன. அதன் பிறகு கலிஃபோர்னியாவில் இத்தகைய பால்கனிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிப்பது சட்டமானது.

2021 ஜூன் 24 அன்று ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் 12 மாடி அடுக்ககம் சரிந்து 98 பேர் இறந்ததுதான் நம்மைப் போன்ற சங்கங்களுக்கு நேரடிப் பாடம். நீச்சல்குளத் தளத்தில் தண்ணீர் வடியாமல் கான்கிரீட் கெடுகிறது என்று 2018-லேயே பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். செலவு, பங்கீடு என்று குடியிருப்போர் பேசிக்கொண்டிருந்ததிலேயே ஆண்டுகள் ஓடின. அந்தத் தளத்தில் வைத்த பூந்தொட்டி மேடைகள், பின்னாளில் சேர்த்த கற்கள், மணல் ஆகியவற்றின் எடையையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

நாமும் அடுப்பு கேட்டவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மாடித் தோட்டத்துக்கு ஓரடி உயரம் ஈரமண் நிரப்பினால் சதுர அடிக்குச் சுமார் 50 கிலோ. மொட்டை மாடிக்குக் கணக்கில் இருப்பது சுமார் 14 கிலோதான். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதைப் பீம் மேல் வைக்காமல் சிலாப் நடுவில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: பால்கனி சுவரோடு சேரும் மூலையில் விரிசல், அடியில் துருக்கறை, கான்கிரீட் உதிர்வு, தட்டினால் பொள்ளல் சத்தம், ஓரம் தாழ்ந்த தோற்றம், இவற்றில் எது இருந்தாலும் பூசி மறைக்காமல் சங்கத்திடம் சொல்லுங்கள். இரண்டு: பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டாதீர்கள். அதுவும் சுமைதான், அடியிலுள்ள விரிசலையும் மறைத்துவிடும். மூன்று: வடகிழக்குப் பருவமழைக்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒவ்வொரு பால்கனியையும் பார்க்க வருவார். கதவைத் திறந்துவிடுங்கள். அவர் தரும் அறிக்கையை அறிவிப்புப் பலகையில் அப்படியே ஒட்டுவோம். பழுது இருந்தால் செலவுப் பங்கீட்டை அடுத்த பொதுக்குழுவில் முதல் பொருளாக எடுப்போம்.

விண்ணப்பித்த அன்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். பென்சிலால் ஒருமுறை தானே போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கீழே பூங்காவின் ஓரத்தில், தரையில், எல்லோருக்குமாக ஓர் அடுப்பு கட்டலாமே என்று கேட்டிருக்கிறார். அந்தக் கோரிக்கையும் பொதுக்குழுவுக்கு வருகிறது.