செவர்லேயைச் சாகவிடாத பட்டறைகள்

1938ஆம் வருஷத்து செவர்லே மாஸ்டர் ஒன்று புதுச்சேரிக்குத் தெற்கே எங்கள் தவளக்குப்பத்தில் விற்பனைக்கு நிற்கிறது. நான்குமுனை சந்திப்பிலிருந்து அபிஷேகப்பாக்கம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நாலு கதவு வைத்த கறுப்பு பிளசர். மட்கார்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வாங்க வந்த சென்னைத் தம்பிக்கு இன்ஜினைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுப் போனார்கள். கடலூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்துப் பிழைப்பவன் நான். இப்போது பட்டறையைப் பையன் பார்க்கிறான். பழைய அமெரிக்க வண்டி ஏதாவது இந்தப் பக்கம் தலை காட்டினால் மட்டும் என்னைத் தேடுவார்கள்.

விற்பவர் வைத்திருந்த அட்டையில் "போருக்கு முந்தையது, முழுக்க ஒரிஜினல்" என்று எழுதியிருந்தது. முந்தைய பாதி சத்தியம். பிந்தைய பாதியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு இந்த வண்டிகள் நம் பக்கம் வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டில் அமெரிக்கக் கார் ஏன் அவ்வளவு ஓடியது? இங்கிலாந்தில் காருக்கு வரி போட்ட முறைதான் முதல் காரணம். அங்கே சிலிண்டரின் விட்டத்தை வைத்துக் குதிரைச் சக்தி கணக்கிட்டு வரி வாங்கினார்கள். அதனால் இங்கிலீஷ் கம்பெனிகள் சின்னச் சிலிண்டர், சின்ன இன்ஜின் என்றே கட்டின. அந்தக் கணக்கில் ஆஸ்டின் செவன் ஏழெட்டுக் குதிரைக்குள் அடங்கிவிடும். இந்த செவர்லேக்கு 29 வரும். அமெரிக்காவில் அப்படி வரி இல்லை. பெட்ரோலும் மலிவு. மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர், மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவை. களிமண் ரோட்டில், வண்டித் தடத்தில், இரண்டாவது கியரிலேயே ஊர் போய்ச் சேரலாம். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நல்ல இடைவெளி உண்டு. விலையும் கம்மி. அமெரிக்காவில் இந்த வண்டி 700 டாலரைச் சுற்றி விற்றது.

இரண்டாவது காரணம், இங்கேயே பூட்டினார்கள். ஃபோர்டின் இந்தியக் கம்பெனி 1926இல் தொடங்கியது. கனடா ஃபோர்டின் கிளை அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை போட்டது. பாகங்கள் மரப்பெட்டியில் கப்பலில் வரும். சிவ்ரியில் பிரித்து, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும்படி பூட்டி, ஊர் ஊராக ஏஜென்டுகளுக்கு அனுப்புவார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அதே செவர்லே குடும்பத்து இன்ஜின் என்பதால் பஸ் கம்பெனி இருந்த ஊரில் ஸ்பேர் கிடைக்கும். பஸ் மெக்கானிக்கே பிளசரையும் பார்த்துக்கொள்வார்.

நம் ஊருக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், பாகூர், வில்லியனூர் எல்லாம் பிரெஞ்சுக்காரன் பக்கம். தெற்கே முள்ளோடை தாண்டினால் இங்கிலீஷ்காரன் பக்கம். இடையில் திட்டுத் திட்டாக இவன் நிலத்துக்குள் அவன் நிலம், அவன் நிலத்துக்குள் இவன் நிலம். ஒரே ரோட்டில் போகிறவன் எத்தனை முறை தேசம் மாறினான் என்று அவனுக்கே தெரியாது. கார் வைத்திருந்தவர்களுக்குச் சாவடி என்றாலே தலைவலி. 1940 செப்டம்பரில் பிரெஞ்சு கவர்னர் போன்வேன், போரில் இங்கிலீஷ்காரனோடு நின்ற தெகோல் பக்கம் சேர்ந்துகொண்டதாக அறிவித்தார். 1941இல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சுங்க ஏற்பாடு வந்தது. 1949இல் அது முறிந்ததும் மறுபடி சாவடி, மறுபடி சோதனை. பெட்டி பெட்டியாகக் கடத்தல் நடந்த காலமும் அதுதான்.

சுற்றிலும் மூடிய கார் என்பதே நம் ஊருக்குப் பிந்தி வந்த பழக்கம். முதலில் வந்ததெல்லாம் கேன்வாஸ் மூடி போட்ட டூரர். வெயிலுக்கும் காற்றுக்கும் அதுவே தோது. அமெரிக்காவில் 1920களின் நடுவில் மூடிய கார் மலிந்துபோனது. 1925இல் எஸெக்ஸ் கம்பெனி மூடிய காரைத் திறந்த காரைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு டூரரை யார் செய்வார்கள்? 1930களில் செடான்தான் குடும்ப வண்டி என்று ஆனது. 1935இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே தகட்டில் அழுத்திய இரும்புக் கூரை கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் கூரை நடுவில் துணியும் தாரும்தான், மழைக்கு ஒழுகும். 1937 மாடலிலிருந்து செவர்லே உடம்பு முழுவதும் இரும்பு. நம் கடற்கரைக் காற்றில் அதற்கு முந்தைய உடம்பின் மரச்சட்டம் உளுத்துப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். துருவுக்காவது டிங்கர் இருந்தார்.

பண்ணைக்காரர் வீட்டுக்கு என்று வாங்கிய வண்டி சில வருஷத்தில் டாக்சியாக இறங்கும். ஐந்து பேர் உட்கார வேண்டிய இடத்தில் பத்துப் பேர். பிரசவ வலி எடுத்த பெண்ணைப் புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்கோ கடலூர் மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோவது, மாப்பிள்ளை அழைப்பு, தேர்தல் வேலை எல்லாவற்றுக்கும் அதே வண்டி. அப்பா அப்படிப்பட்ட ஒரு டாக்சியில் கிளீனராகத் தொடங்கியவர். காலையில் ஹாண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவது அவர் வேலை. ஆறு வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் செல்ஃப் கைவிட்டுவிடும். கட்டை விரலை ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்காதே, இன்ஜின் எதிர்த்து உதைத்தால் எலும்பு போகும் என்று சொல்லித்தான் எனக்கும் பழக்கினார்.

1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் கார் செய்வதையே நிறுத்தினார்கள். தொழிற்சாலைகள் டாங்கிக்கும் விமானத்துக்கும் திரும்பின. போருக்கு முந்தைய வண்டி என்று சொல்வதற்கு எல்லைக்கோடு அதுதான். இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் பின்னால் அடுப்பு கட்டி, கரியை எரித்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். கம்பெனியே அந்தக் கரி வாயுக் கருவியைச் செய்து கொடுத்தது. சொந்த பிளசர்கள் பல செங்கல் மேல் ஏறி நின்றன.

போர் முடிந்தும் நிலைமை சீராகவில்லை. இந்தியாவிலேயே பாகம் செய்கிறவனுக்குத்தான் இடம் என்று 1953இல் டெல்லி முடிவு எடுத்தது. வெறுமனே பூட்டி விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. சிவ்ரி மூடியது 1954. அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. எங்கள் ஊருக்கு எல்லைச் சாவடித் தொல்லை விட்டது, ஸ்பேர் வரத்தும் அத்தோடு விட்டது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த செவர்லே, ஃபோர்டு, பிளிமத் எல்லாவற்றுக்கும் அதன் பிறகு தாயும் தகப்பனும் ரோட்டோரப் பட்டறைதான்.

பட்டறை என்ன செய்தது என்பதற்கு ஒரு வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இந்த செவர்லே இன்ஜினில் கனெக்டிங் ராடுக்கு இன்றைய வண்டிபோல் கழற்றி மாட்டும் ஷெல் பேரிங் கிடையாது. ராடின் வாயிலேயே ஒயிட் மெட்டலை ஊற்றிக் கடைந்திருப்பார்கள். ராடின் அடியில் கரண்டிபோல் ஒரு மூக்கு இருக்கும். சுற்றும்போது அது எண்ணெய்த் தொட்டியில் முங்கி, எண்ணெயை வாரி பேரிங்குக்குக் கொடுக்கும். நிதானமாக ஓட்டினால் பல வருஷம் வரும். எண்ணெய் குறைந்தாலோ, ரொம்ப நேரம் விரட்டினாலோ ஒயிட் மெட்டல் இளகி, ராடு தட்ட ஆரம்பிக்கும்.

ராடு தட்டுகிற வண்டி வந்தால் எங்கள் பட்டறை மேஸ்திரி முதலில் பழைய மெட்டலை ஊதுவிளக்கில் உருக்கி இறக்குவார். துத்தநாகம் கரைத்த ஆசிட்டில் ராடின் வாயைக் கழுவி, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி பூசுவார். நடுவில் நிற்க வைக்கும் இரும்பு உருளையில் மண்ணெண்ணெய் விளக்குப் புகையைப் பிடித்துக் கரி ஏற்றுவோம், உருகிய மெட்டல் அதில் ஒட்டாமல் இருக்க. சந்துகளைக் களிமண் வைத்து அடைப்பது என் வேலை. அகப்பையில் உருகிக் கிடக்கும் மெட்டலில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகி எடுப்பார். குச்சி வெளுப்பாகவே வந்தால் சூடு போதாது. பற்றி எரிந்தால் சூடு அதிகம், தகரம் கருகிவிடும். பழுப்பாக வந்தால் பதம். ஊற்றும்போது கை நிற்கக் கூடாது, ஒரே தாரை. நடுவில் நின்றால் அங்கே மடிப்பு விழுந்து, பிறகு அந்த இடத்தில் உதிரும்.

ஆறினதும் லேத்தில் ஏற்றிக் கடைவது, எண்ணெய்க்குக் காடி வெட்டுவது, பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. கிராங்கில் மார்க்கிங் புளூ தடவி, ராடை மாட்டிச் சுற்றிக் கழற்றினால் மேடான இடத்தில் நீலம் ஒட்டியிருக்கும். பழைய முக்கோண அரத்தைத் தீட்டிச் செய்த ஸ்கிராப்பரால் அந்த நீலத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மாட்டு, மறுபடி கழற்று. வாய் முழுக்க நீலம் சமமாகப் பரவும்வரை விடமாட்டார். தேய்மானம் வந்தால் பின்னால் இறுக்கிக்கொள்ள மூடியின் இரண்டு பக்கமும் மெல்லிய ஷிம் தகடு வைத்துப் பூட்டுவார். ஆறு ராடும் முடிந்தால்தான் அவர் டீ குடிப்பார்.

அதுவும் கட்டாத காலம் ஒன்று வந்தது. பெட்ரோல் விலை ஏறியதும் டாக்சிக்காரர்கள் அமெரிக்க இன்ஜினை இறக்கி, டீசல் இன்ஜின் ஏற்றச் சொன்னார்கள். சென்னையில் சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் செய்துகொண்டிருந்தது. அடிப்படைச் சட்டத்தில் புதிதாகத் தாங்கி வைத்து வெல்டிங் அடித்து, கியர்பாக்ஸுக்கு இடைத் தகடு கடைந்து, ரேடியேட்டரைத் தள்ளிப் பூட்டினோம். இறக்கிய பெட்ரோல் இன்ஜின் காயலான் கடைக்குப் போனது. சென்னை புதுப்பேட்டையில் அப்படி மலிந்து கிடந்த காலம் உண்டு. பின்னால் அம்பாசடர் மலிந்தபோது டீசல் செவர்லேயும் போய்விட்டது.

இனி கொட்டகை வண்டிக்கு வருவோம். என் பையில் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம் எப்போதும் இருக்கும். மட்கார்டில் வைத்தேன், ஒட்டியது. பின் கதவின் கீழ்ப்பகுதியில் வழுக்கி விழுந்தது. உள்ளே தகடு கம்மி, பட்டி அதிகம் என்று அர்த்தம். பெயின்ட் அற்புதம், ஸ்ப்ரே பிடித்த பையன் கைகாரன். சட்டத்தின் மேல், இன்ஜின் உட்காரும் இடத்தில், பெயின்டுக்கு அடியில் பழைய வெல்டிங் தழும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒரு காலத்தில் அங்கே டீசல் உட்கார்ந்திருக்கிறது. இப்போது இருப்பது செவர்லே இன்ஜின்தான், ஆனால் வேறு எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து வைத்தது. ஆர்.சி. புக்கில் உள்ள எண்ணும் இன்ஜின் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை. "அண்ணே, இதையெல்லாம் தம்பிகிட்ட சொல்லணுமா?" என்று விற்பவர் கேட்டார். சொன்னேன்.

ஏன் சொல்ல வேண்டும் என்றால் சட்டம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கார்களுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். வண்டியின் அடிப்படைச் சட்டத்திலோ உடம்பிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து VA என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்து வரும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், வாடகைக்கு ஓட்டக் கூடாது. விற்றால் 90 நாளுக்குள் இரண்டு பேரும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

விதியில் குற்றம் சொல்ல மாட்டேன், போலியைத் தடுக்க ஏதோ ஒரு கோடு வேண்டும். ஆனாலும் நம் பக்கம் பிழைத்து நிற்கிற அமெரிக்க வண்டியில் மாற்றம் செய்யாத வண்டி எத்தனை? மாற்றியதால்தான் அது காயலான் கடைக்குத் தப்பியது. மாற்றாமல் விட்ட வண்டி எல்லாம் 1960களிலேயே எடைக்குப் போய்விட்டது. மகாராஜா கொட்டகையில் தூங்கிய வண்டிக்கு மட்டும் பொருந்துகிற அளவுகோலில் டாக்சி ஓடிய வண்டி எப்போதும் தோற்கும். கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் உள்ள கார் மியூசியமும் (2015), சென்னையில் ஏ.வி.எம். மியூசியமும் (2023) போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். வண்டிகள் அங்கே புதுசாக மின்னுகின்றன. அவற்றை இத்தனை வருஷம் ஓட வைத்த கைகளைப் பற்றியும் பக்கத்திலேயே ஒரு பலகை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சென்னைத் தம்பிக்கு நான் சொன்ன யோசனை இதுதான்: ஒரிஜினல் விலை கொடுக்காதே, ஆனால் வண்டியை விடாதே. வெல்டிங் தழும்பை அரைத்து மறைக்காமல் அப்படியே வை. எந்த வருஷம் டீசல் ஏறியது, எப்போது இறங்கியது, யார் பட்டறை என்று விற்பவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கு. அந்த நோட்டு இல்லாத வண்டி பாதி விலைதான் பெறும் என்பது என் கணக்கு.

பாகூர், வில்லியனூர் பக்கத்தில் பரணில் பழைய பெர்மிட், ரிப்பேர் பில், மாப்பிள்ளை அழைப்பில் பிளசர் நிற்கிற போட்டோ வைத்திருப்பவர்கள் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வண்டி போனாலும் அந்தக் காகிதமாவது ஊர்க் கணக்கில் இருக்கட்டும்.