பிரித்தானியாவில் ஜப்பானிய மொழியும் வணிக மேலாண்மையும்: ஒரு கூட்டுப் படிப்பின் வரலாறு

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வணிக மேலாண்மையையும் ஜப்பானிய மொழியையும் ஒரே பட்டத்துக்குரிய பாடங்களாகச் சேர்த்துப் படிக்கலாம். பெரும்பாலும் இது நான்கு ஆண்டுப் படிப்பு. அதில் ஓராண்டை மாணவர்கள் ஜப்பானில் கழிக்கின்றனர். காலையில் கணக்கியலும் சந்தைப்படுத்தலும், பிற்பகலில் ஜப்பானிய எழுத்துப் பயிற்சியும் என்று அமையும் இப்படிப்பின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால், அது இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு இட்டுச் செல்கிறது.

போர்க்கால வகுப்புகள்

லண்டனில் கீழ்த்திசை மொழிகளுக்கென ஒரு கல்வி நிறுவனம் 1917-லேயே மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. இன்று அது கீழ்த்திசை மற்றும் ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி எனப்படுகிறது. ஆனால் அங்கு ஜப்பானிய மொழி கற்றவர்கள் மிகச் சிலரே. 1941 டிசம்பரில் ஜப்பானுடன் போர் மூண்டது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. எதிரியின் செய்திகளைப் படிக்கவும் கைதிகளை விசாரிக்கவும் போதிய ஆட்கள் இல்லை என்பதைப் படைத்துறை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தது.

உடனடியாக இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. பெட்ஃபோர்டு நகரில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியான ஆஸ்வால்டு டக், இலத்தீனும் கிரேக்கமும் படித்த இளைஞர்களுக்கு ஆறு மாதத்தில் ஜப்பானியம் கற்பித்தார். அத்தனை குறுகிய காலத்தில் அம்மொழியைக் கற்பிக்க முடியாது என்றே வல்லுநர்கள் கருதியிருந்தனர். செய்திகளைப் படித்துப் பொருள் கொள்வதே அவ்வகுப்பின் நோக்கம். உரையாடலுக்கு அதில் பெரிய இடம் இல்லை. அதில் தேறியவர்கள் பிளெட்ச்லி பார்க்கிலும், தில்லி, கொழும்பு ஆகிய இடங்களில் இருந்த செய்தி இடைமறிப்பு நிலையங்களிலும் பணியாற்றினர்.

இரண்டாவது ஏற்பாடு பள்ளி மாணவர்களுக்கானது. 17, 18 வயதுள்ள ஏறத்தாழ 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, தெற்கு லண்டனில் உள்ள டல்லிச் கல்லூரியில் தங்கவைக்கப்பட்டனர். அங்கிருந்து நாள்தோறும் கீழ்த்திசைப் பள்ளிக்குச் சென்று ஜப்பானியம், சீனம், துருக்கியம், பாரசீகம் ஆகியவற்றில் ஒன்றைக் கற்றனர். பிற்காலத்தில் இவர்கள் 'டல்லிச் மாணவர்கள்' என்று அழைக்கப்பட்டனர். ஜப்பானியம் பயின்றவர்களில் இருவரை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் ரொனால்டு டோர். மற்றவர் பீட்டர் பார்க்கர்.

போருக்குப் பின்

1947-இல் வெளியான ஸ்கார்பரோ அறிக்கை, போர்க்காலத்தில் பெற்ற இந்த மொழியறிவு வீணாகிவிடக் கூடாது என்று வலியுறுத்தியது. பல்கலைக்கழகங்களுக்குத் தனி நிதி கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. கிடைத்த இடங்களிலும் பழைய இலக்கியமும் மொழியியலுமே முதன்மை பெற்றன. இன்றைய ஜப்பானின் தொழில், அரசியல், சமூகம் ஆகியவற்றை அறிய விரும்பியவருக்கு வழி குறுகலாகவே இருந்தது.

இக்குறையைச் சுட்டியது 1961-ஆம் ஆண்டின் ஹேட்டர் அறிக்கை. மொழியைச் சமூக அறிவியல் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்கும் மையங்கள் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக, எஃகுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரின் பல்கலைக்கழகத்தில் 1963-இல் ஜப்பானிய ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அங்கு பேராசிரியராக வந்த ஜெஃப்ரி பௌனஸ் ஜப்பானியக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவரே 1974-இல் ஜப்பானில் வணிகம் செய்வது பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றின் பதிப்பாசிரியர்களில் ஒருவராகவும் இருந்தார். கவிதையும் வணிகமும் ஒரே ஆசிரியரின் மேசைக்கு வந்துவிட்டதை இது காட்டுகிறது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1973-இல், ரொனால்டு டோர் எழுதிய 'பிரிட்டிஷ் ஃபேக்டரி, ஜப்பானீஸ் ஃபேக்டரி' என்ற நூல் வெளிவந்திருந்தது. இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலக்ட்ரிக், ஜப்பானின் ஹிட்டாச்சி ஆகிய நிறுவனங்களின் தொழிற்சாலைகளை அது ஒப்பிட்டது. ஊதியம், பணி உயர்வு, தொழிற்சங்கம், மேலதிகாரியோடு உள்ள உறவு என ஒவ்வொன்றையும் டோர் நுணுகி ஆராய்ந்தார். ஜப்பானியத் தொழிலாளரிடம் அவர்கள் மொழியிலேயே பேச முடிந்ததால்தான் அது கைகூடியது. போருக்காகக் கற்பிக்கப்பட்ட மொழி, மேலாண்மை ஆய்வுக்கு இவ்வாறு பயன்பட்டது.

தொழிற்சாலைகளின் வருகை

1970-களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1974-இல் சோனி நிறுவனம் வேல்ஸ் பகுதியின் பிரிட்ஜெண்டில் தொலைக்காட்சித் தொழிற்சாலையைத் திறந்தது. நிலக்கரிக்கும் கப்பல் கட்டுதலுக்கும் பெயர்பெற்றிருந்த சண்டர்லாந்து பகுதிக்கு நிசான் வருவது 1984-இல் உறுதியாயிற்று. 1986-இல் அங்கே கார் உற்பத்தி தொடங்கியது. வேலையின்மை மிகுந்திருந்த ஊர்களுக்கு இவ்வேலைகள் பெரிதும் தேவைப்பட்டன.

ஆனால் மொழியறிந்தோர் எண்ணிக்கை இதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மானியங்கள் குறைக்கப்பட்டன. போர்க்காலத்தில் பயின்ற தலைமுறையினர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர். இந்நிலையை ஆராயும் பொறுப்பு, பிரித்தானிய இரயில்வேயின் தலைவராக 1976 முதல் 1983 வரை இருந்த பீட்டர் பார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. டல்லிச்சில் ஜப்பானியம் கற்ற அதே மாணவர்தான் அவர். அவரது அறிக்கை 1986-இல், நிசான் உற்பத்தி தொடங்கிய அதே ஆண்டில், வெளியானது. அரசுறவுக்கும் வணிகத்துக்கும் ஆசிய, ஆப்பிரிக்க மொழிகள் எந்த அளவுக்குத் தேவை என்பதே அதன் பொருள். அதன் பயனாகப் பல்கலைக்கழகங்களில் புதிய ஆசிரியப் பணியிடங்கள் உருவாயின. மொழியை வணிகத்தோடு சேர்த்துக் கற்பிக்கும் பட்டங்களும் பரவின. 1987-இல் ஜப்பான் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தின் வழியாகப் பிரித்தானியப் பட்டதாரிகள் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றனர்.

இரண்டையும் ஏன் சேர்த்துக் கற்க வேண்டும்?

ஜப்பானிய மொழியில் ஹிரகானா, கட்டகானா என்னும் இரு அசையெழுத்து முறைகளும், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளும் கலந்து வருகின்றன. பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வெளியிட்ட பட்டியலில் 2010 முதல் 2,136 கான்ஜி எழுத்துகள் உள்ளன. இவற்றைக் கற்க ஆண்டுக்கணக்கில் உழைப்புத் தேவை.

எழுத்தைக் கற்றபின் மரியாதை வழக்கு வருகிறது. தமிழ் பேசும் அலுவலர் ஒருவர் வாடிக்கையாளரிடம், "எங்கள் மேலாளர் வெளியே சென்றிருக்கிறார்" என்று மரியாதையுடன் சொல்வார். ஜப்பானிய அலுவலகத்தில் வெளியாரிடம் பேசும்போது சொந்த மேலாளரின் பெயருக்குப் பின் 'சான்' என்ற மதிப்புச்சொல் வராது. அவர் செயலையும் பணிவுச் சொல்லாலேயே குறிப்பிடுவர். அலுவலகத்துக்குள் பேசும்போது அதே மேலாளருக்கு முழு மரியாதை உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்ற நிறுவன உணர்வு வினைச்சொல்லிலேயே அமைந்திருக்கிறது.

முடிவெடுக்கும் முறையும் அவ்வாறே. 'நெமவாஷி' என்ற சொல், மரத்தை இடம் மாற்றுவதற்கு முன் அதன் வேர்களைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதைக் குறிக்கும். அலுவலகத்தில் அது, கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் கண்டு பேசி இசைவு பெறுவதைக் குறிக்கிறது. 'ரிங்கி' முறையில் ஒரு முன்மொழிவு கீழ்நிலையில் எழுதப்பட்டு, பலருடைய முத்திரைகளைப் பெற்று மேலே செல்கிறது. இவற்றை அறியாதவர், கூட்டத்தில் எவரும் எதிர்ப்புச் சொல்லாததைக் கண்டு குழம்பக்கூடும். மொழி வகுப்பும் மேலாண்மை வகுப்பும் இங்கே ஒன்றையொன்று விளக்குகின்றன.

ஏற்றமும் இறக்கமும்

இப்படிப்புக்கு எப்போதும் ஒரே அளவு ஆதரவு கிடைத்ததில்லை. 1990-களில் ஜப்பானியப் பொருளாதாரம் தேங்கியது. டரம் பல்கலைக்கழகம் தன் கிழக்காசிய ஆய்வுத் துறையை மூடுவதாக 2003-இல் அறிவித்தது. நிசான் தொழிற்சாலை இருக்கும் சண்டர்லாந்து டரமுக்கு அருகில்தான் உள்ளது. ஸ்விண்டனில் இருந்த ஹோண்டா கார்த் தொழிற்சாலையும் 2021-இல் மூடப்பட்டது. ஷெஃபீல்டு போன்ற இடங்களில் இப்படிப்பு தொடர்ந்து வந்துள்ளது.

ஒரு தொழிற்சாலையைச் சில ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். அதன் உரிமையாளரின் மொழியில் பேசவும், அவர் முடிவெடுக்கும் முறையைப் புரிந்துகொள்ளவும் ஒருவரைப் பழக்குவதற்கு அதைவிட நீண்ட காலம் ஆகும். டல்லிச்சில் 1942-இல் பள்ளிச் சிறுவராகக் கற்ற ஒருவர், 44 ஆண்டுகள் கழித்துத் தம் நாட்டுக்கு அந்த மொழியின் தேவையை எடுத்துரைத்தார். அன்று அவ்வகுப்பில் அவருக்கு இடம் கிடைத்ததற்கு ஒரு போர் தேவைப்பட்டது.