ஸ்ட்ரைக்கருக்கு எத்தனை மார்க்?

ஹாஸ்டல்ல ராத்திரி முழுக்க ஃபுட்பால் மேனேஜர் ஆடின மகாஜனங்களே, ஸ்ட்ரைக்கர் வாங்கும்போது எதைப் பார்ப்பீங்க? நான் 'ஃபினிஷிங்' மட்டும் பார்ப்பேன். 20க்கு 18 இருந்தா உடனே வாங்கிடுவேன். பய நின்ன இடத்துலயே நிப்பான், பந்தே வராது! ரெண்டு சீசன் தோத்த பிறகுதான் வேகமும், பந்து இல்லாத நேரத்தில் இடம் பிடிக்கிற 'ஆஃப் தி பாலும்' வேணும்னு புரிஞ்சது.

இந்திய ஹாக்கியும் இதே பாடத்தைப் படித்தது. 1975 உலகக் கோப்பையை நாம ஜெயிச்சது புல்தரையில். துள்ளுற பந்தை மட்டையோட ஒட்டவெச்சு ஆளை ஏமாத்தறவன்தான் அங்கே ராஜா. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் வந்தது. நமக்கு ஏழாம் இடம். 1990களில் ஆஃப்சைடு விதியும் போச்சு. வேகமும் இடம் பிடிக்கிற புத்தியும் முன்னுக்கு வந்தன.

எங்க கோவில்பட்டியில் வீதிக்கு வீதி ஹாக்கி. ஆனா கரிசல் மண்ணில் ஆடிட்டு செலக்‌ஷனுக்குப் போன எங்க தெரு அண்ணன்களுக்குக் கிடைச்ச பதில், "வேகம் பத்தாது". காலுக்கா, தரைக்கா?

பிறகு கோவில்பட்டிக்கும் செயற்கைப் புல் வந்தது. இங்கே விளையாட்டு விடுதியில் பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும், எங்க ஊர் மாரீஸ்வரனும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக கார்த்தி கோல் போட்டார். இந்தியாவுக்கு வெண்கலம்.

ஆட்டக்காரனுக்கு மார்க் போடும் முன்னாடி, அவன் ஆடின தரைக்கும் 20க்கு ஒரு மார்க் போடணும். என்ன சொல்றீங்க?