தடயவியல் பல் மருத்துவம்

தடயவியல் பல் மருத்துவம் என்பது பல், தாடை, வாய் ஆகியவற்றில் இருந்து பெறப்படும் சான்றுகளை ஆராய்ந்து, அவற்றை நீதிமன்றத்தின் முன் வைக்கும் அறிவியல் துறை ஆகும். இறந்தோரை அடையாளம் காணல், வயதைக் கணித்தல், கடித்தடங்களை ஆராய்தல், பற்காயங்கள் குறித்துக் கருத்துரைத்தல் ஆகியன இத்துறையின் முதன்மையான பணிகள். இதன் வலிமையையும் வரம்பையும் புரிந்துகொள்ள, இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரத்துடன் தொடர்புடைய சில நிகழ்வுகள் உதவுகின்றன.

பற்கள் சான்றாகும் காரணம்

பல்லின் மேலுறையான பற்சிப்பி மனித உடலின் மிகக் கடினமான பொருள் ஆகும். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமப் பொருள். எனவே முகமும் விரல் ரேகையும் அழிந்த பின்னரும் பற்கள் நிலைத்திருக்கின்றன. பல்லின் உள்ளே இருக்கும் பற்கூழ், டி.என்.ஏ. சோதனைக்குப் பயன்படுகிறது.

வளர்ந்த ஒருவருக்கு 32 பற்கள் வரை இருக்கலாம். விழுந்த பல், அடைக்கப்பட்ட சொத்தை, உறையிட்ட பல், வரிசை தப்பிய பல், வேரின் வடிவம் ஆகியவை ஒன்றுசேரும்போது ஒருவரை மற்றவரிடம் இருந்து பிரித்தறிய முடிகிறது. வெற்றிலைக் கறை பழக்கத்தைக் காட்டும். புளோரைடு மிகுந்த நீரால் பல்லில் ஏற்படும் புள்ளிகள், தருமபுரி போன்ற பகுதிகளில் வளர்ந்தவராக இருக்கலாம் என்ற குறிப்பைத் தரும். ஆனால் இவை துணைச் சான்றுகள் மட்டுமே.

கடலில் கிடந்த உடல்களில் தசைநார் அழிவதால், ஒற்றை வேர் உடைய முன்பற்கள் கழன்று விழுவது உண்டு. இறப்புக்குப் பின் விழுந்த பல்லின் குழி கூரிய விளிம்புடன் திறந்திருக்கும். உயிருடன் இருந்தபோது இழந்த பல்லின் குழி, காலப்போக்கில் எலும்பால் நிரம்பியிருக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் ஒப்பிட்டால் முடிவு தவறாகிவிடும்.

அடையாளம் காணும் முறை

இம்முறையின் அடிப்படை ஒப்பீடு ஆகும். இறந்தவரின் பல் அமைப்பு, அவர் உயிருடன் இருந்தபோது எடுக்கப்பட்ட குறிப்புகள், ஊடுகதிர்ப் படங்கள், பல் அச்சுகள் ஆகியவற்றுடன் ஒப்பிடப்படுகிறது. குறிப்பெழுத உலகெங்கும் ஈரிலக்க முறை பயன்படுகிறது. இதில் முதல் இலக்கம் வாயின் கால்பகுதியையும், இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டில் இருந்து பல்லின் வரிசையையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 46 என்பது கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்.

பேரிடர்களில் பலியானோரை அடையாளம் காண்பதற்கான வழிகாட்டியை இன்டர்போல் 1984 இல் வெளியிட்டது. இன்டர்போல் வழிகாட்டுதலின்படி விரல் ரேகை, பல், டி.என்.ஏ. ஆகிய மூன்றும் முதன்மை அடையாளங்கள். உடை, அணிகலன், உறவினர் முகம் பார்த்துக் கூறுவது ஆகியவை அவற்றுக்கு அடுத்த நிலையில் வைக்கப்படுகின்றன.

ஆளவந்தார் கொலை வழக்கு

1952 ஆகஸ்டில் சென்னையில் இருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற போட் மெயில் தொடர்வண்டியில், ஒரு பெட்டியில் இருந்து துர்நாற்றம் வீசியது. மானாமதுரை நிலையத்தில் அதைத் திறந்து பார்த்தபோது தலையற்ற ஆண் உடல் இருந்தது. மானாமதுரை அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. தலை சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் தலையும் உடலும் ஆராயப்பட்டன. காது மடலில் இருந்த துளைகளையும் வரிசை தப்பிய பல்லையும் கொண்டு, இறந்தவர் சென்னை வணிகர் ஆளவந்தார் என அவருடைய மனைவி அடையாளம் காட்டினார். 1953 இல் குற்றவாளிகள் இருவருக்கும் முறையே ஏழு ஆண்டுகளும் மூன்று ஆண்டுகளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கு பல் மருத்துவப் பதிவேட்டின் இடத்தை மனைவியின் நினைவு நிரப்பியது என்பது கவனிக்கத்தக்கது. அருகில் இருந்து பார்த்த ஒருவர் உயிருடன் இருந்தமையால்தான் அந்தப் பல் சான்றாகியது.

தனுஷ்கோடியும் ஆழிப்பேரலையும்

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் தொடர்வண்டி அலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய பேரிடரில் குடும்பமே சேர்ந்து மறையும்போது, அடையாளம் காட்டக்கூடிய நினைவும் உடன் மறைந்துவிடுகிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கைத் தீவு மறைப்பாக அமைந்ததால் இராமேசுவரம் பகுதியில் உயிரிழப்பு குறைவாக இருந்தது. நாகப்பட்டினம் மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தது. அங்கு நோய் பரவும் என்ற அச்சத்தில் உடல்கள் விரைவாகக் கூட்டாகப் புதைக்கப்பட்டன. தாய்லாந்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டவர். அவர்களுடைய பல் மருத்துவக் குறிப்புகள் சொந்த நாடுகளில் இருந்து வரவழைக்கப்பட்டன. தொடக்க மாதங்களில் அடையாளம் காணப்பட்டோரில் பெரும்பாலோர் பற்களைக் கொண்டே அறியப்பட்டனர். ஒரே அலையில் இறந்தவர்களிடையே இவ்வேறுபாடு தோன்றுவதற்குப் பதிவேடு இருந்ததும் இல்லாததும் ஒரு முக்கியக் காரணம்.

வயதைக் கணித்தல்

பால்பற்கள் ஏறத்தாழ 6 மாதத்திலும், முதல் நிலைக் கடைவாய்ப்பல் 6 வயதிலும், இரண்டாவது 12 வயதிலும் முளைக்கத் தொடங்குகின்றன. மூன்றாவதான ஞானப்பல் பொதுவாக 17 வயதுக்குப் பின் வெளிவருகிறது. எனவே குழந்தைகளின் வயதைப் பல்லைக் கொண்டு ஓரளவு துல்லியமாகக் கூறலாம். 18 வயதை ஒட்டிய நிலையில், ஞானப்பல் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் கணிப்பின் பிழை எல்லை விரிகிறது.

இந்தியாவின் 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94 ஆம் பிரிவு, பள்ளி அல்லது தேர்வு வாரியச் சான்றிதழுக்கு முதலிடமும், உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்த இடமும் தருகிறது. இவை இல்லாதபோது மட்டுமே மருத்துவ வயதுச் சோதனை மேற்கொள்ளப்பட வேண்டும்.

கடித்தடங்கள்

தில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில், கடித்தட ஒப்பீட்டைப் பிற சான்றுகளுடன் சேர்த்து உச்ச நீதிமன்றம் 2017 இல் ஏற்றது. எனினும் இம்முறையின் அறிவியல் அடிப்படை கடும் விமரிசனத்துக்கு உள்ளாகியுள்ளது. தோல் நெகிழக்கூடியது, வீக்கத்தால் தடம் உருமாறும். அமெரிக்காவில் வரிசை தப்பிய பல்லின் தடம் என்ற வாதத்தால் 1992 இல் தண்டிக்கப்பட்ட ரே குரோன், டி.என்.ஏ. சோதனைக்குப் பின் 2002 இல் விடுவிக்கப்பட்டார். அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் 2009 அறிக்கை உள்ளிட்ட பல ஆய்வுகள் கடித்தட ஒப்பீட்டுக்குப் போதிய அடிப்படை இல்லை எனக் கூறியுள்ளன. ஆளவந்தார் வழக்கில் ஒப்பிடப்பட்டது பல். குரோன் வழக்கில் ஒப்பிடப்பட்டது பல்லின் தடம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது.

சட்ட நிலை

- பல் முறிவதும் இடம் பெயர்வதும் கொடுங்காயம் ஆகும். இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 320 ஆம் பிரிவில் இடம்பெற்றிருந்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116 ஆம் பிரிவில் உள்ளது. வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கைகலப்பில் உடைந்த பல் முன்பே ஆடிக்கொண்டிருந்ததா என்பது இவ்வழக்குகளில் முக்கியமான கேள்வி.
- மனிதப் பற்கள் கொடிய ஆயுதம் ஆகா என்று உச்ச நீதிமன்றம் சகீல் அகமது வழக்கில் (2004) கூறியது.
- வல்லுநர் கருத்து பாரதிய சாட்சிய அதிநியத்தின் 39 ஆம் பிரிவின் கீழ் ஏற்கப்படுகிறது. அக்கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

பல் பதிவேடுகளின் தேவை

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மீன்பிடிக்கச் செல்வோர் காணாமற்போகும்போது, உடல் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று கூற இயலாது. உடல் அடையாளம் காணப்படாவிட்டால், ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாத நிலையில்தான் ஒருவர் இறந்துவிட்டதாகக் கொள்ளும் சட்ட அனுமானம் எழுகிறது. அதுவரை காப்பீடு, சொத்துரிமை, மறுமணம் ஆகியவற்றில் குடும்பம் இன்னலுக்கு உள்ளாகலாம்.

டி.என்.ஏ. சோதனைக்கு உறவினரின் மாதிரியும் ஆய்வகமும் தேவை. பல் ஒப்பீட்டுக்குத் தேவையானவை ஒரு குறிப்பு அட்டையும் ஓர் ஊடுகதிர்ப் படமும்தான். பல் சொத்தைக்காக ஒருமுறை மருத்துவரிடம் செல்லும்போது எழுதப்படும் ஈரிலக்க எண்களே பின்னாளில் சான்றாகலாம். அவ்வசதி இல்லாத இடத்தில், பல் தெரியச் சிரிக்கும் தெளிவான ஒளிப்படமும் ஒப்பீட்டுக்கு உதவக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- ஆளவந்தார் கொலை வழக்கு
- தனுஷ்கோடி
- தடயவியல்
- பல்