குஷக் நாலாவும் சம்பங்கோரையும்

டெல்லியில் கிழக்குக் கிட்வாய் நகரின் பழமை எது என்றால் எல்லாரும் தரியா கான் கல்லறையைத்தான் காட்டுவார்கள். லோதி காலத்துப் பிரபு அவர். உயர்ந்த மேடையும் மூலைக்கொரு சத்ரி மண்டபமும் இன்னும் நிற்கின்றன. பேட்டையின் ஓரமாக ஓடும் குஷக் நாலாவை மட்டும் யாரும் சரித்திரத்தில் சேர்ப்பதில்லை. என் வருத்தமே அதுதான்.

ரிட்ஜ் மேட்டின் மழைநீரை யமுனைக்குக் கொண்டுபோன ஓடை அது. பெரோஸ் ஷா துக்ளக்கின் வேட்டை மாளிகையான குஷக் மகாலால் வந்த பெயர். கீழே போனால் அதுவே பாராபுல்லா நாலா. ஜஹாங்கீர் காலத்தில், 1612 வாக்கில், மிஹர் பானு ஆகா அதன்மேல் 11 வளைவுகளோடு பாலம் கட்டினார். சாக்கடைக்கு அப்படியொரு பாலம் கட்டியிருக்க மாட்டார்.

சுதந்திரத்துக்குப் பின் அரசுக் குடியிருப்புகள் பெருகின, கழிவுநீர் கலந்தது. மண்கரை இருந்த இடங்களில் சம்பங்கோரை என்ற நீர்ச்செடி தானாக முளைத்தது. தாவரவியல் ஆசிரியனான நான் திசுப் பாடத்துக்கு அதைத்தான் வெட்டி எடுத்துப்போவேன். இலையைக் குறுக்கே பிளேடால் அறுத்தால் ஜன்னல் ஜன்னலாகக் காற்றறைகள் தெரியும். ஏரன்கைமா என்ற திசு அது. இலையில் புகும் காற்று இந்த அறைகள் வழியே சேற்றுக்குள் கிடக்கும் கிழங்குக்கும் வேருக்கும் இறங்குகிறது. வேரைச் சுற்றிக் கசியும் ஆக்சிஜனை வைத்து நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. சைலம் திசு நீரோடு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மேலே இழுக்கிறது. ஃப்ளோயம் திசு சர்க்கரையைக் கீழே அனுப்ப, அதில் கொஞ்சம் வேர்வழியே கசிந்து அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது.

கழிவோடு வரும் ஈயம், காட்மியம் அப்படிச் சிதையாது. பெரும்பகுதி வேரிலேயே தங்கும். அதனால் செடியை வேரோடு பிடுங்கிப் பத்திரமாக அகற்ற வேண்டும். அங்கேயே அழுகவிட்டால் நஞ்சு மறுபடி சேற்றுக்குத்தான் போகும்.

1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற விஞ்ஞானி இத்தகைய நீர்ச்செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்து காட்டினார். டெல்லியிலும் அது நடந்தது. வசந்த் குஞ்ச் பக்கம் நீலா ஹௌஸ் ஏரி சாக்கடையாகியிருந்தது. 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் பாலம் கட்டியபோது இடிபாடுகளும் அதில் விழுந்தன. பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு வழிகாட்ட, கல்வரம்பும் நீர்ச்செடிகளுமாகச் செயற்கை ஈரநிலம் அமைத்துக் கழிவுநீரைத் தெளியவைத்தார்கள். ஏரி மீண்டது.

குஷக் நாலாவுக்குக் கிடைத்தது வேறு. போட்டிக்காலத்தில் ஒரு பகுதியை மூடி மேலே பஸ் டெப்போ வந்தது. 2018இல் ஐ.என்.ஏ. பகுதி வரை நீண்ட பாராபுல்லா மேம்பாலம் ஓடைக்கு மேலேயே போகிறது. நிழலில் சம்பங்கோரை வளராது, கான்கிரீட்டில் வேர் பிடிக்காது. வெயில் படுகிற ஒரு நூறு அடிக் கரையையாவது உடைத்து மண் போடட்டும். விதைக்கக்கூட வேண்டாம். அதன் பஞ்சுவிதை காற்றிலேயே வந்து சேரும்.