தோற்கும் அணிக்கு ரசிகர்கள்: ஹன்டிங்டன் ஊரின் கதை



போன வாரம் நான் போட்ட ஒரு படத்தின் கீழே, 1994இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் கேட்டிருந்தார்: "டீச்சர், அமெரிக்காவுல காலேஜ் பசங்க ஆடுற ஃபுட்பாலைப் பார்க்க ஒரு லட்சம் பேர் வருவாங்களாமே, நிஜமா? நம்ம ஊர்ல காலேஜ் மேட்சுக்கு அந்தக் காலேஜ்காரனே வரமாட்டானே!"

நிஜம்தான் தம்பி. மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் மைதானங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரலாம். ஆனால் ஜெயித்துக்கொண்டே இருக்கிற அணிக்குக் கூட்டம் கூடுவதில் என்ன அதிசயம்? எப்போதும் தோற்றுக்கொண்டிருந்த ஒரு சின்ன ஊர் அணியின் ரசிகர்களைப் பற்றிச் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

முதலில் ஒரு விளக்கம். அங்கே ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை. அதை அவர்கள் சாக்கர் என்பார்கள். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எறிந்து, ஓடி, முட்டி மோதி எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோகும் ஆட்டம். அப்படிக் கொண்டுபோனால் அது டச்டவுன், 6 புள்ளி. 1970 வாக்கில் கல்லூரி அணிகளுக்கு செப்டம்பரில் தொடங்கி நவம்பர் கடைசிவரை சீசன். அப்போது பத்துப் பதினோரு ஆட்டங்கள், பெரும்பாலும் சனிக்கிழமைகளில். பாதி உள்ளூரில், பாதி வெளியூரில். உண்மையான ரசிகர்கள் வெளியூர் ஆட்டத்துக்கும் பின்னாலேயே போவார்கள். அணிக்குப் பணமும் நேரமும் கொடுத்துத் தாங்கும் ஊர்ப் பெரிய மனிதர்களை பூஸ்டர் என்று சொல்வார்கள். நம் ஊர்த் திருவிழாவுக்கு உபயதாரர் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பெயர் ஹன்டிங்டன். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது. நிலக்கரியும் ரயில்வேயும் வளர்த்த ஊர். 1970இல் மக்கள்தொகை சுமார் 74 ஆயிரம். அங்கே உள்ள மார்ஷல் பல்கலைக்கழகம் 1837இல் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கி, 1867இல் மாநிலத்தின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக மாறி, 1961இல்தான் பல்கலைக்கழகம் ஆனது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் வாங்கிய எனக்கு இந்தத் தகவலைப் படித்ததுமே அந்த இடத்தின்மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. அவர்களின் அணிக்குப் பெயர் தண்டரிங் ஹெர்ட், அதாவது இடிபோல ஓடிவரும் மந்தை. சின்னம் காட்டெருமை. நிறம் பச்சை.

பெயரில் இடி இருந்ததே தவிர ஆட்டத்தில் இல்லை. 1966 முதல் 1969 வரை தொடர்ந்து 27 ஆட்டங்களில் அந்த அணி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஒரே ஒரு ஆட்டம் சமன், மற்ற 26லும் தோல்வி. போதாததற்கு, மாணவர்களை அணிக்குச் சேர்த்ததில் விதிமீறல் என்று 1969இல் அவர்கள் இருந்த போட்டிக் கூட்டமைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். கடைசியில் 1969 அக்டோபரில் பௌலிங் கிரீன் அணியை 21க்கு 16 என்று வென்றபோதுதான் அந்தப் பீடை விலகியது. அந்த மூன்று வருடமும் சனிக்கிழமை தவறாமல் ஃபேர்ஃபீல்டு மைதானத்துக்குப் போய் உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். என் கதை அவர்களைப் பற்றியது.

1970 சீசனில் கொஞ்சம் நம்பிக்கை துளிர்த்தது. பயிற்சியாளர் ரிக் டோலிக்கு வயது 30தான். எட்டு ஆட்டங்களில் மூன்று வெற்றி. ஒன்பதாவது ஆட்டம் நவம்பர் 14, சனிக்கிழமை, வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் ஊரில், ஈஸ்ட் கரோலினா அணியுடன்.

மார்ஷல் அணி வழக்கமாக விமானத்தில் போகாது. வெளியூர் ஆட்டங்கள் பெரும்பாலும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கும். இந்த முறை தூரம் அதிகம் என்பதால் தனி விமானம் அமர்த்தினார்கள். விளையாட்டு வீரர்களோடு ஊரின் முக்கியஸ்தர்கள் 25 பேரும் சேர்ந்து கிளம்பினார்கள். ஊரில் கைராசி டாக்டர்கள் என்று பெயர் வாங்கியவர்கள், நகரமன்ற உறுப்பினர் ஒருவர், அந்த மாதம்தான் சட்டமன்றத்துக்குத் தேர்வாகியிருந்த ஒருவர். பலர் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளைப் பாட்டி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை உல்லாசமாகப் போய்வரலாம் என்று கிளம்பியவர்கள்.

போக முடியாதவர்கள் ரேடியோவில் கேட்டார்கள். வர்ணனை சொன்னவர் ஜீன் மோர்ஹவுஸ். மார்ஷல் ரசிகர்களுக்குப் பழக்கமான குரல். மார்ஷல் 14க்கு 17 என்று தோற்றது. மூன்றே புள்ளி வித்தியாசம். வர்ணனையை முடித்துவிட்டு மோர்ஹவுஸும் அதே விமானத்தில் ஏறினார்.

இரவு ஏழரை மணி தாண்டியிருந்தது. லேசான மழை, பனிமூட்டம். ஹன்டிங்டன் விமான நிலையம் ஒரு மேட்டில் இருக்கிறது. ஓடுதளத்துக்குச் சுமார் ஒரு மைல் முன்பாகவே விமானம் குன்றின் மேலிருந்த மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. இருந்த 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விளையாட்டு வீரர்கள் 37, பயிற்சியாளர்களும் பல்கலைக்கழக அலுவலர்களும் 8, ரசிகர்கள் 25, விமானத்தைச் சேர்ந்தவர்கள் 5. ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாத நிலையில், இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே விமானம் இறங்கிவிட்டது என்று விசாரணையில் சொன்னார்கள். கருவியைப் பார்த்ததில் தவறா, உயரம் காட்டும் கருவியிலேயே கோளாறா என்பதை அவர்களாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அந்த ஊரில் ஒரே இரவில் 70 பிள்ளைகள் அப்பாவையோ அம்மாவையோ இழந்தார்கள். அதில் 18 பிள்ளைகளுக்கு இரண்டு பேருமே இல்லை. வகுப்பறையில் முப்பத்து நான்கு வருடம் நின்றவள் நான். வீட்டில் பெரியவர் ஒருவர் போய்விட்ட பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கு வரும்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகங்கள் எழுபது.

அடையாளம் காணவே முடியாத வீரர்கள் ஆறு பேர். ஊரைப் பார்த்தபடி உயரத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஆறு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இதற்குப் பிறகு எழுந்த கேள்வி: அணி இனி வேண்டுமா? கலைத்துவிடலாம் என்று சொன்னவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பார்க்கும்போதெல்லாம் புண்ணைக் கீறும் ஆட்டம் எதற்கு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் மாணவர்களும் ஊர்க்காரர்களில் பலரும் தொடர வேண்டும் என்றார்கள். 2006இல் வந்த 'வீ ஆர் மார்ஷல்' படத்தில் மாணவர்கள் எல்லாரும் வாசலில் திரண்டு கோஷம் போட்டதும் நிர்வாகம் மனம் மாறுவதுபோல ஒரு காட்சி வரும். பார்க்க உருக்கமாக இருக்கும், ஆனால் அது சினிமாவுக்காக எழுதியது. பெரிய முடிவுகள் நிஜத்தில் இப்படி ஒரே நாளில் வருவதில்லை.

புதுப் பயிற்சியாளராக ஜாக் லெங்யெல் வந்தார். ஆள் வேண்டுமே? விமானத்தில் போகாமல் மிஞ்சியவர்கள் சிலர்தான். கையில் அடிபட்டதால் ஊரிலேயே இருந்த நேட் ரஃபின் அதில் ஒருவர், அவர்தான் தலைவர்களில் ஒருவரானார். புதிய ஆட்களைத் தேடி வெளியூர் போனதால் காரில் திரும்பிக்கொண்டிருந்த துணைப் பயிற்சியாளர் ரெட் டாசனும் தப்பியவர். அவர் ஒரே ஒரு சீசன் உடனிருந்து உதவினார். பிறகு பயிற்சியாளர் வேலையையே விட்டுவிட்டார்.

அந்தக் காலத்து விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக்கூடாது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பு மார்ஷலுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தியது. கூடைப்பந்து ஆடியவர், சாக்கர் ஆடியவர் என்று கிடைத்தவர்களையெல்லாம் சேர்த்தார்கள். இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான வெஸ்ட் வர்ஜீனியாவின் பயிற்சியாளர் பாபி பௌடன், தன் அணியின் ஆட்ட முறைகளையும் படச்சுருள்களையும் திறந்து லெங்யெலுக்குக் காட்டினார். போட்டி அணிக்குத் தன் வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1971 செப்டம்பர் 18. முதல் ஆட்டம் மோர்ஹெட் ஸ்டேட்டுடன், வெளியூரில். 6க்கு 29 என்று தோல்வி. எல்லாரும் எதிர்பார்த்ததுதான்.

செப்டம்பர் 25. உள்ளூரில், ஃபேர்ஃபீல்டு மைதானத்தில் சேவியர் அணியுடன். விபத்துக்குப் பிறகு மார்ஷல் அணி அந்த மைதானத்தில் இறங்கிய முதல் நாள். போன வருடம் பக்கத்து இருக்கையில் இருந்தவர் இப்போது இல்லை என்று தெரிந்துகொண்டே வந்து உட்கார்ந்த கூட்டம் அது. ஆட்டம் முடிய இன்னும் சில நொடி. சேவியர் 13, மார்ஷல் 9. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் இடத்தில், அதாவது குவார்ட்டர்பேக்காக, ரெஜி ஆலிவர் என்ற இளைஞர். எதிரணியினர் எல்லாரும் அவர்மேல் பாய்ந்து வரும்படி விட்டுவிட்டு, அவர்கள் தலைக்கு மேலே சின்னதாக ஒரு எறி. பந்து டெரி கார்ட்னர் கைக்குப் போனது. 13 கெஜம். நேரம் முடிந்தபோது அவர் எல்லைக்குள் இருந்தார். 15க்கு 13.

ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். சிரிக்கிறவர் யார், அழுகிறவர் யார் என்று பிரிக்க முடியாத நேரம் அது.

சினிமா இந்த வெற்றியோடு நிறைவு பெறும். நிஜத்தில் அடுத்த வாரமே படுதோல்வி. அக்டோபர் கடைசியில் பழைய எதிராளியான பௌலிங் கிரீனை 12க்கு 10 என்று வென்றது இன்னொரு சந்தோஷம். அந்த சீசனின் கணக்கு: இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி. லெங்யெல் இருந்த நான்கு வருடத்தில் 9 வெற்றி, 33 தோல்வி. தோல்வியைவிட வெற்றி அதிகமான ஒரு சீசனைப் பார்க்க அந்த ஊர் 1984 வரை காத்திருந்தது. விபத்து நடந்து பதினான்கு வருடம்! அன்று ஐந்து வயதுப் பிள்ளை அதற்குள் கல்லூரிக்கே வந்துவிட்டது. அந்தப் பதினான்கு வருடத்துக்கும் யாரும் படம் எடுக்கவில்லை. எனக்கோ அதுதான் கதையின் பெரிய பகுதி. அழுகை ஓய்ந்து, பத்திரிகைக்காரர்கள் போய், மற்ற ஊர்கள் மறந்த பிறகும், தோற்கும் அணிக்குச் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பச்சை உடுத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பிறகு காலம் மாறியது. 1992இலும் 1996இலும் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன். 1999இல் 13 ஆட்டம் ஆடி 13லும் வெற்றி. மகிழ்ச்சிதான். வெற்றிக் கதையை வேண்டியவர்கள் கூகுளில் தேடிக்கொள்ளுங்கள்.

மகன் கொலம்பஸ் நகரில் வேலையில் இருந்தபோது, பேத்தி பிறந்த சமயம், ஆறு மாதம் அங்கே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஹன்டிங்டனுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். "நயாகராவுக்குப் போகலாம்னா இங்க வரச் சொல்றீங்களேம்மா" என்று அவனுக்குக் குறைதான். பல்கலைக்கழக மாணவர் மையத்தின் முன்னால் ஹாரி பெர்டோயா என்ற சிற்பி செய்த நீரூற்று இருக்கிறது. 1972 நவம்பரில் திறந்தது, 13 அடி உயரம். மேல்நோக்கி வளரும் செடிபோல உலோகம் எழும்பியிருக்கும். நாங்கள் போனது அக்டோபர், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நவம்பர் 14ஆம் தேதியும் அங்கே கூடி, இறந்தவர்கள் பெயரைப் படித்து, மலர்வளையம் வைத்து, தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது வசந்த காலத்தில்தான்.

கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். ஆறு பேருக்குப் பக்கத்தில் நேட் ரஃபினின் கல்லறையும் இருக்கிறது. அவர் 2001இல் இறந்தபோது அவரைத் தோழர்களோடு அடக்கம் செய்திருக்கிறார்கள்.

2020 நவம்பர் 14ஆம் தேதியும் சனிக்கிழமையாகவே வந்தது. ஐம்பதாம் ஆண்டு. அன்று உள்ளூரில் ஆடி, மிடில் டென்னஸி அணியை 42க்கு 14 என்று வென்றார்கள். அந்த வாரத்தில்தான், விபத்தில் இறந்த மாணவர்களுக்கு அவர்கள் முடிக்காமல் போன படிப்புக்கான பட்டங்களைப் பல்கலைக்கழகம் வழங்கியது. படிக்க வந்த பிள்ளைகள்தானே அவர்கள்! ஐம்பது வருடம் கழித்தாவது அது ஒரு காரியம்.

ரேடியோ வர்ணனையாளர் மோர்ஹவுஸுக்கு விபத்தின்போது ஒன்பது வயதில் ஒரு மகன் இருந்தான். அவன் வளர்ந்து விளையாட்டுச் செய்தியாளராகி, அதே ஊர்த் தொலைக்காட்சியில் வேலை பார்த்து, மார்ஷல் ஆட்டங்களுக்கே வர்ணனை சொன்னான். அவன் மணந்துகொண்ட பெண், அந்த விமானத்தில் போன ஒரு டாக்டர் தம்பதியின் ஆறு பிள்ளைகளில் ஒருத்தி.